பெரட்டுக் களமும் மென்பொருள் குழுவும்

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்பர் பெரியோர். ஆனால், யார் எந்த இடத்தில் வடம் பிடிப்பது என்று தெரியாமல் கூடினால் தேர் நகராது. கணினி அறிவியல் பயிலும் நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு நாங்கள் ஐவர் சேர்ந்து தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கான ஒரு மென்பொருளை உருவாக்கினோம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை. அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. மூன்று வாரங்களுக்கு முன் எடுத்துச் சென்ற ஒரு கோப்பைத் திருத்தி, அப்படியே திரும்ப வைத்தேன். இடைப்பட்ட நாள்களில் அதே கோப்பில் தோழி ஒருவர் எழுதியிருந்தவை அனைத்தும் அழிந்தன. யாரிடமும் வேறு படி இல்லை. "பரவாயில்லை" என்றார். அதன்பின் ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

அந்த வார இறுதியில் நெகிரி செம்பிலானில், பகாவுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்குச் சென்றேன். இன்று சுற்றிலும் செம்பனை. பாட்டி வேலை செய்த காலத்தில் அது ரப்பர் காடு. நடந்ததைச் சொன்னேன். பாட்டி சிரித்தார். "பெரட்டுல நின்னாத்தான தம்பி யாருக்கு எந்த நெரைன்னு தெரியும்? ஒரே மரத்துல ரெண்டு பேரு உளி வச்சா மரந்தான் சாவும்" என்றார்.

குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால், விடியுமுன்னே பெரட்டு நடக்கும். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் நிரையை யார் வெட்டுவது என்பன அங்கேயே முடிவாகும். இன்றைய மென்பொருள் நிறுவனங்களிலும் காலையில் குழுவினர் சில நிமிடம் நின்றபடி கூடுகின்றனர். நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்வோம், எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்கின்றனர். பாட்டிக்கு இது புதிதல்ல.

ஆள் கூடினால் வேலை விரைவில் முடியும் என்பதும் எப்போதும் உண்மையன்று. ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டத்தை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். ஐவர் குழுவில் இருவர் இருவராகப் பேச 10 வழிகள். பதின்மர் குழுவிலோ 45 வழிகள்!

அப்படியானால் உலகெங்கும் சிதறிக் கிடப்போர் எப்படி இணைந்து பணியாற்றுகின்றனர்? 21 வயது மாணவராக 1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005-இல் 'கிட்' என்னும் கருவியை உருவாக்கினார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். பழைய வடிவத்தையும் மீட்டுத் தரும். நாங்கள் அதைப் பயன்படுத்தியிருந்தால் தோழியின் உழைப்பு அழிந்திராது.

நம் மொழியிலும் சான்று உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர், பிழை திருத்தினர், இணையத்தில் இலவசமாக வழங்கினர். அதன் முதல் மின்னூல் திருக்குறள். அந்த மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும் முகப்பிலேயே பெயர் சொல்லி நன்றி கூறப்பட்டிருப்பதைக் காணலாம். ஊதியமில்லாத உழைப்புக்கு அந்த ஒரு வரிதான் கூலி.

ஊரிலிருந்து திரும்பியதும் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அழிந்த பகுதியை இருவரும் சேர்ந்து மீண்டும் எழுதினோம். இரண்டு வசதிகளைக் கைவிட்டு, உரிய நாளில் ஒப்படைத்தோம். அறிக்கையில் அவரவர் செய்த பணியை அவரவர் பெயரோடு எழுதினோம். தோழியின் பெயர் முதலில் இருந்தது.

திட்டப்பணியைத் தொடங்கவிருக்கும் தம்பி தங்கையரே, முதல் நாளே நிரை பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றங்களைப் பதியும் கருவியை அன்றே நிறுவிவிடுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் பெரட்டு வையுங்கள்.