தயார் என்று சொன்ன பிறகு

தாராவி தொண்ணூறடி சாலையில் காலை இட்லி வியாபாரம். வாங்கியவர் ஸ்கேன் செய்கிறார், அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. கடைக்காரரின் ஸ்பீக்கரோ வாயே திறக்கவில்லை. “எனக்கு வரலையேண்ணே” என்கிறார் கடைக்காரர். “என் கணக்குல போயிடுச்சேப்பா” என்கிறார் வந்தவர். இருவர் சொல்வதும் உண்மை.

யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் தலைமையகம் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே உள்ளவர்களுக்கும், வங்கி மென்பொருள் எழுதும் எல்லோருக்கும் பழகிய தலைவலி இது: இரண்டு டேட்டாபேஸ்களில் ஒன்றில் கழித்து மற்றதில் சேர்க்க வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டுமே கூடாது.

இதற்கான இரண்டு கட்ட முறையை ஜிம் கிரே 1978-இல் விளக்கி எழுதினார். 1991-இல் எக்ஸ்ஏ என்ற தரம் வந்தது. ஜாவா சர்வர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு டேட்டாபேஸையும் “தயாரா?” என்று கேட்கும். எல்லாம் “தயார்” என்றதும், முடிவைத் தன் லாகில் எழுதிவிட்டு “முடி” என்று உத்தரவிடும்.

சிக்கல் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான். தயார் என்று சொல்லிவிட்ட டேட்டாபேஸ், அதன்பின் தானாக எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த நொடியில் ஒருங்கிணைப்பாளர் படுத்துவிட்டால், தொட்ட வரிசைகள் பூட்டியபடியே நிற்கும். ஆரக்கிளில் அடுத்து அந்த வரிசையைத் தொடுபவருக்கு ‘ஓஆர்ஏ-01591’ என்ற பிழை வரும். புகார் மட்டும் “சிஸ்டம் ஸ்லோ” என்று வேறெங்கிருந்தோ வரும்!

ஒருங்கிணைப்பாளராக இருந்த சர்வர் மீண்டும் எழுந்ததும் லாகைப் படித்து, தொங்கி நிற்பவற்றை டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கித் தீர்த்துவிடும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ‘சுத்தமாக’ ரீஸ்டார்ட் செய்கிறேன் என்று லாக் ஃபோல்டரை அழிப்பவர்கள் உண்டு. கண்டெய்னருக்கு நிலையான டிஸ்க் கொடுக்காதவர்களும் உண்டு. நிலுவைப் பட்டியலைப் படிக்கும் அனுமதியை டேட்டாபேஸ் பயனருக்குத் தர மறந்தால் மீட்பு நடக்காது. இரண்டு சர்வர்களுக்கு ஒரே அடையாளப் பெயர் வைத்துவிட்டால் இன்னும் மோசம்: ஒன்றின் வேலையை மற்றது கலைத்துப் போடும். கடைசி வழி, டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) கையால் முடித்துவைப்பது. லாகைப் பார்க்காமல் அதைச் செய்வது சூதாட்டம்.

நூற்றுக்கணக்கான வங்கிகளுக்கு நடுவே இப்படிப் பூட்டிவைத்துக் காத்திருக்க முடியாது. அதனால் யுபிஐ பூட்டுவதில்லை. முதலில் கழிக்கும், பிறகு சேர்க்கும், சேராவிட்டால் திருப்பும். அந்தத் திருப்பலுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று கெடு வைத்தது: தனிநபருக்கு அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாளுக்குள்.

எனவே உடனே இரண்டாம் முறை அனுப்பிவிடாதீர்கள். 12 இலக்கக் குறிப்பு எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. நீங்கள் புகார் செய்யாவிட்டாலும் வங்கி தானாகவே அதைத் தர வேண்டும்.