வைரத்தைக் காட்டும் துணைக் கனிகள்

ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் வஜ்ரகரூர் என்னும் ஊர் உள்ளது. முதல் மழையில் மேல்மண் கழுவப்பட்டதும், மக்கள் வயல்களில் வைரம் தேடுவது அங்கு நெடுநாளைய வழக்கம். வயலில் கிடைக்கும் கல் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண, வடதுருவத்தை அடுத்த பனிப்பிரதேசங்களில் கையாளப்பட்ட முறையே இங்கும் பயன்படுகிறது.

வைரம் பெரும்பாலும் 150 கிலோமீட்டர் அல்லது அதற்கும் கீழான ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில் உண்டாகிறது. கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு அதனை மேலே சுமந்து வருகிறது. அக்குழம்பு இறுகிய இடம் முள்ளங்கியைப் போல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். இதனைக் 'குழாய்' என்பர். மிகப் பழமையான, தடித்த நிலப்பாளங்களிலேயே வைரக் குழாய்கள் பெரும்பாலும் காணப்படுகின்றன. மைசூரையும் வஜ்ரகரூரையும் தாங்கி நிற்கும் தார்வார் நிலப்பாளம் அத்தகையது.

துணைக் கனிகள்

குழாயிலுங்கூட வைரம் மிக அரிது. ஆனால் செவ்வூதா நிறப் பைரோப், பச்சை நிறக் குரோம் டயாப்சைடு, கரிய இல்மனைட் ஆகியவை அதனுடன் ஏராளமாக மேலே வருகின்றன. இவை மணலைவிடக் கனமானவை. மண்ணை நீரில் அரித்தால் தட்டின் அடியில் தங்கும். ஓடையில் இவை மிகுந்துவரும் திசையில் சென்றால் குழாயை நெருங்கலாம்.

ஸைபீரியாவின் யாகூத்தியாவில் லரிஸா பொபுகாயேவா என்ற பெண் நிலவியலார் பைரோப் மணிகளைப் பின்தொடர்ந்தே 1954-ல் 'ஸர்னீத்ஸா' குழாயைக் கண்டார். மறு ஆண்டில் 'மீர்' குழாய் கண்டுபிடிக்கப்பட்டது.

கனடாவின் வடபகுதியில் கனிகளைச் சிதறடித்தவை பண்டைய பனியாறுகள். எனவே, பனி நகர்ந்த திசைக்கு எதிராகத் தேட வேண்டியிருந்தது. சார்லஸ் ஃபிப்கே, ஸ்டூவர்ட் புளூஸன் ஆகியோர் பல ஆண்டுகள் இவ்வாறு தேடியதன் பயனாக, 1991-ல் லாக் டி கிரா ஏரிப் பகுதியில் குழாய் ஒன்று கண்டறியப்பட்டது. கிம்பர்லைட் மென்மையானதால் பனியாறுகள் அதனைச் சுரண்டிவிட்டன, பள்ளங்கள் ஏரிகளாயின. 2003-ல் உற்பத்தி தொடங்கிய டயாவிக் சுரங்கத்திற்காக, ஏரியினுள் 3.9 கிலோமீட்டர் நீளக் கரை எழுப்பி நீரை இறைக்க நேர்ந்தது. கனரகப் பொருள்கள் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மீது அமைத்த பாதை வழியே கொண்டு செல்லப்பட்டன.

நம் நாட்டில் தடையாக இருப்பது வெப்பமும் மழையும். நெடுங்காலச் சிதைவினால் டயாப்சைடு விரைவில் அழிகிறது. இல்மனைட், குரோமைட் போன்றவை ஓரளவு எஞ்சுகின்றன. கிம்பர்லைட்டின் மேல் சில இடங்களில் சுக்கான் கல் படிந்து அதனை மறைத்துவிடுகிறது.

குழாய் வேறு, சுரங்கம் வேறு

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் வஜ்ரகரூர் வட்டாரத்தில் பல குழாய்களைக் கண்டறிந்துள்ளனர். சிலவற்றில் வைரமும் உண்டு. எனினும் அங்குப் பெருஞ்சுரங்கம் அமையவில்லை. காரணம் வைரத்தின் அளவே. மத்தியப் பிரதேசத்துப் பன்னாவை அடுத்த மஜ்கவான் குழாயில் 100 டன் பாறைக்குச் சுமார் 10 காரட், அதாவது 2 கிராம் மட்டுமே கிடைக்கும். டயாவிக்கிலோ ஒரே டன்னில் பொதுவாக 3 காரட்டுக்கு மேல் கிடைத்தது. பனிப்பாலைவனத்தில் செய்த பெருஞ்செலவு ஈடானதும் இதனாலேயே.

ஆகவே, வயலில் ஒரு கல் கிடைத்த செய்தி தேடலின் தொடக்கமேயன்றி முடிவன்று. களப் பணியாளர்கள் அரித்த மண்ணின் கனமான அடிப்படிவை எறிந்துவிடாமல், எடுத்த இடத்தையும் ஓடையின் போக்கையும் குறித்து வைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஆற்று மணலைத் தட்டில் அரித்துக் கரிய மணல் அடியில் தங்குவதை மாணவர்க்குக் காட்டலாம். வைரத் தேடலின் முதற்பாடம் அதுவே.