ஐஸ்லாந்தின் மீனும் பிரிட்டனின் சந்தையும்

ஒரு தேசத்தைக் கட்டியாளுவதற்குப் பட்டாளமும் பீரங்கியும் அவசியமென்று நினைப்பது தவறு. அத்தேசத்தார் விற்பதற்குச் சரக்கு ஒன்றே ஒன்றாகவும், அதை வாங்குவதற்கு ஆள் ஒருவனே ஒருவனாகவும் இருந்துவிட்டால் போதும். வாங்குகிறவன் முகத்தைச் சுளித்தால் விற்கிறவன் வீட்டில் அடுப்பு எரியாது. கொடி தன்னுடையதாக இருக்கலாம். சட்டசபை தன்னுடையதாக இருக்கலாம். ஆனால் கஞ்சிக் கலயம் அயலான் கையில் இருக்கும் வரையில் அந்தச் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய்தான். இவ்வுண்மையை நூறாண்டுகளாக அநுபவித்து அறிந்ததும், அதிலிருந்து தப்பும் வழியைத் தானே கண்டுபிடித்ததுமான ஒரு சின்னஞ்சிறு தேசம் வடகடலில் இருக்கிறது. அதுவே ஐஸ்லாந்து. பிரிட்டனோடு அது நடத்திய மீன் வியாபாரத்தின் சரித்திரம், அரசியலில் சிரத்தையுள்ள ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டிய ஒன்றாகும்.

கடலே வயல்

ஐஸ்லாந்து பரப்பில் சிறிய தேசமன்று. அதன் விஸ்தீரணம் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆயினும் பெரும்பகுதி எரிமலைக் கற்களும் பனிப்பாறைகளுமே. நிலக்கரி இல்லை; இரும்பு இல்லை; கப்பல் கட்ட மரம் இல்லை; தானியம் விளைவது அரிது. 1950-இல் அதன் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஆனால் அத்தீவைச் சூழ்ந்த கடலில் உஷ்ண நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சந்திப்பதால் மீன் வளம் அபாரம். காட், ஹாடக், ஹெர்ரிங் என்னும் மீன்களே அந்நாட்டாரின் நெல்லும் பருத்தியும் ஆகும். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அத்தேசத்தின் ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மீனும் மீனிலிருந்து எடுத்த பொருள்களுமே. உண்ணும் ரொட்டிக்கு மாவு, எரிக்க எண்ணெய், வீடு கட்டப் பலகை, மீன்பிடி கப்பலுக்கு யந்திரம் ஆகிய யாவும் வெளியிலிருந்தே வரவேண்டும். மீன் விலைபோனால் தேசம் பிழைக்கும், விலைபோகாவிட்டால் பட்டினி.

இத்தகைய தேசத்துக்கு வியாபார ஏகபோகம் என்ன செய்யும் என்பதை அதன் பழைய சரித்திரமே காட்டுகிறது. டென்மார்க் அரசன் 1602-இல் ஐஸ்லாந்து வியாபாரம் முழுவதையும் டேனிஷ் வர்த்தகர்களின் தனியுரிமையாக்கினான். 1787 வரையில் அது நீடித்தது. எந்த ஊரார் எந்தத் துறைமுகத்தில் எந்த வர்த்தகனிடம் விற்க வேண்டும் என்பதுகூட விதிக்கப்பட்டிருந்தது. ஹோல்ம்ஃபாஸ்தூர் குத்மண்ட்ஸன் என்னும் ஏழைக் குடியானவன், தனக்கு விதிக்கப்பட்ட ஹாஃப்னார்ஃப்யோர்தூர் துறையில் விற்காமல், கெஃப்ளாவிக் துறையில் சில மீன்களை விற்றான். அதற்காக 1699-இல் அவனுக்குச் சவுக்கடி கிடைத்தது! தன் கையால் பிடித்த மீனைத் தனக்கு இஷ்டமானவனுக்கு விற்பதே குற்றமாக இருந்த காலம் அது. அச்சவுக்கின் தழும்பு ஐஸ்லாந்தியர் மனத்தை விட்டு அகலவில்லை.

நீராவிக் கப்பல்களின் வருகை

ஏகபோகம் ஒழிந்தது, வேறோர் அபாயம் வந்தது. 1890-ஆம் ஆண்டுகளில் ஹல், கிரிம்ஸ்பி என்னும் ஆங்கிலத் துறைமுகங்களிலிருந்து நீராவி இழுவலைக் கப்பல்கள் ஐஸ்லாந்தின் கரையோரத்துக்கு வரத் தொடங்கின. துடுப்புப் படகில் சென்று தூண்டில் போடும் ஐஸ்லாந்தியன் கண்ணெதிரே, யந்திரக் கப்பல் கடலின் அடியைப் பெருக்கி வாரிக்கொண்டு சென்றது. இதற்கு வரம்பு வகுப்பதற்காக 1901-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. செய்துகொண்டவர்கள் யார்? பிரிட்டனும் டென்மார்க்கும்! கரையிலிருந்து மூன்று மைல் மட்டுமே ஐஸ்லாந்துக்கு உரியது. அதற்கு அப்பால் எவரும் மீன் பிடிக்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு இதுவே விதி என்று தீர்மானித்தார்கள். டென்மார்க்கின் வெண்ணெய்க்கும் பன்றியிறைச்சிக்கும் பிரிட்டனே பெரிய சந்தை. அத்தகைய டென்மார்க், ஐஸ்லாந்தின் மீனுக்காக அந்த வாடிக்கைக்காரனிடம் மனஸ்தாபம் கொள்ளுமா? தன் சரக்குக்காகப் பேசத் தனக்கென ஒரு சர்க்கார் இல்லாத தேசத்தின் கதி இதுவே.

1918-இல் ஐஸ்லாந்து தனி ராஜ்யமாயிற்று. 1944 ஜூன் 17-ஆம் தேதி டென்மார்க் அரசனோடு இருந்த தொடர்பையும் அறுத்துக் குடியரசாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அத்தீவில் பிரிட்டிஷ் படைகளும், பின்னர் அமெரிக்கப் படைகளும் இருந்தன. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் மக்களின் உணவுக்கு ஐஸ்லாந்தின் மீன் பேருதவியாயிற்று. அச்சமயம் பிரிட்டனில் அம்மீனுக்குக் கிடைத்த வரவேற்பை எண்ணிப் பார்த்தால், பின்னர் நடந்தது விநோதமாகவே தோன்றும்.

கதவடைப்பு

1901-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐம்பதாண்டு 1951-இல் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சர்வதேச நியாயஸ்தலம், நார்வே தேசத்தின் கரைக்கடல் உரிமையைப் பற்றிய வழக்கில் பிரிட்டனுக்கு விரோதமாகவும் நார்வேக்கு அநுகூலமாகவும் தீர்ப்பளித்தது. இதைக் கண்டு ஐஸ்லாந்து சர்க்கார் 1952-இல் தமது எல்லையை நான்கு மைலாக விஸ்தரித்து, வளைகுடாக்களின் வாயை இணைத்துக் கோடு கிழித்தார்கள். அக்கோட்டுக்குள் இழுவலைக் கப்பல்கள் வரக்கூடாது என்பது உத்தரவு. அந்நியரை மட்டுமல்ல, தம் சொந்த இழுவலைக் கப்பல்களையும் அவர்கள் தடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்பதே அவர்கள் கூறிய காரணம்.

இதற்குப் பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் அளித்த விடை யாது? ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களில் மீனை இறக்கும் சாதனங்கள் அவர்கள் வசம் இருந்தன. ஐஸ்லாந்துக் கப்பல்கள் கொண்டுவரும் மீனை இறக்க முடியாதபடி அவர்கள் பகிஷ்காரம் செய்துவிட்டார்கள். லண்டன் வியாபாரி ஒருவர் 1953-இல் தாமே மீனை வாங்கி விற்பதாக முன்வந்து சிறிது காலம் போராடினார், அம்முயற்சி நிலைக்கவில்லை. தேசத்தின் ஒரே பிழைப்புக்கு, அதன் மிக முக்கியமான வாசல்களில் ஒன்று சாத்தப்பட்டது. சில மாதங்களில் ஐஸ்லாந்து மண்டியிட்டுவிடும் என்று முதலாளிகள் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அக்கணக்குத் தப்பாயிற்று. 1953-இல் சோவியத் ருஷ்யா ஐஸ்லாந்தோடு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐஸ்லாந்து மீன் கொடுத்தது. ருஷ்யா பெட்ரோலிய எண்ணெய் முதலிய சரக்குகளைக் கொடுத்தது. சில ஆண்டுகளில் ருஷ்யா ஐஸ்லாந்தின் மிகப் பெரிய வாடிக்கைக்காரர்களில் ஒன்றாகிவிட்டது. இந்த ஐஸ்லாந்தோ 1949-இல் நேட்டோ உடன்படிக்கையில் முதலிலேயே கையெழுத்திட்ட தேசம். 1951 முதல் கெஃப்ளாவிக்கில் அமெரிக்கப் படைக்கு இடம் கொடுத்த தேசம். ருஷ்யாவுக்கு விரோதமான கூட்டணியின் அங்கத்தினரை ருஷ்யாவின் சந்தைக்குள் பிடித்துத் தள்ளியவர்கள், அதே கூட்டணியைச் சேர்ந்த பிரிட்டனின் கப்பல் முதலாளிகளே! பேராசையின் ராஜதந்திரம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

ஐஸ்லாந்தியர் ருஷ்யச் சந்தையோடு திருப்தியடைந்து உட்கார்ந்துவிடவில்லை. பனிக்கட்டியில் வைத்த பச்சை மீனை அருகிலுள்ள துறைக்குத்தான் அனுப்ப முடியும். உறையவைத்த மீனையோ உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். ஆகவே கரையில் உறைவு ஆலைகளைப் பெருக்கினார்கள். மீனைத் துண்டமாக்கிப் பெட்டியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். உப்பிட்டு உலர்த்திய மீனுக்கு ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி முதலிய நாடுகளில் பழைய வாடிக்கை இருந்தது. 1956-இல் பிரிட்டிஷ் முதலாளிகள் பகிஷ்காரத்தைக் கைவிட்டபோது நான்கு மைல் எல்லை அப்படியே இருந்தது. அடைத்த கதவு திறந்தது. ஆனால் அதற்குள் ஐஸ்லாந்து வேறு வாசல்களைத் திறந்துகொண்டுவிட்டது.

காட் யுத்தங்கள்

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1958 செப்டம்பரில் ஐஸ்லாந்து எல்லையைப் பன்னிரண்டு மைலாக்கியது. பிரிட்டன் போர்க்கப்பல்களைக் காவலுக்கு அனுப்பி அவற்றின் பாதுகாப்பில் மீன் பிடித்தது. கடற்படையே இல்லாத ஐஸ்லாந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய ரோந்துக் கப்பல்களைக் கொண்டு எதிர்த்து நின்றது. 1961-இல் பிரிட்டன் பன்னிரண்டு மைலை ஒப்புக்கொண்டது. 1972-இல் எல்லை ஐம்பது மைலாயிற்று. இம்முறை ஐஸ்லாந்தியர் இழுவலையின் இரும்புக் கம்பியை அறுக்கும் கருவியொன்றைக் கையாண்டார்கள். வலை கடலடியில் போய்விட்டால் போர்க்கப்பல் இருந்து என்ன பயன்? 1973 நவம்பரில் தற்காலிக ஒப்பந்தம் ஏற்பட்டது. 1975 அக்டோபரில் எல்லை இருநூறு மைலாயிற்று. கப்பலோடு கப்பல் மோதியது. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனுடன் ராஜீய உறவையே துண்டித்தது. கெஃப்ளாவிக் தளம் பறிபோகுமோ என்ற கவலை நேட்டோவைப் பிடித்தது. 1976 ஜூன் 1-ஆம் தேதி ஆஸ்லோ நகரில் பிரிட்டன் இறங்கி வந்தது: ஒரு சமயத்தில் 24 கப்பல்கள் மட்டும், அதுவும் ஆறு மாதங்களுக்கே.

இப்போரிலும் சந்தையே ஆயுதமாயிற்று. 1972-இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்துடன் ஐஸ்லாந்து வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டபோது, கடல் தகராறு தீரும் வரையில் ஐஸ்லாந்து மீனுக்குச் சுங்கச் சலுகை கிடையாது என்று நிபந்தனை வைக்கப்பட்டிருந்தது. நான்காண்டுகள் அச்சலுகை இல்லாமலே ஐஸ்லாந்தியர் தாக்குப் பிடித்தார்கள். 1952-இல் கற்ற பாடம் 1972-இல் உதவியது.

மறுபக்கமும் உண்டு

நியாயத்தராசில் மற்றொரு தட்டையும் பார்க்க வேண்டும். 1974-இல் சர்வதேச நியாயஸ்தலம், ஐஸ்லாந்து தன்னிச்சையாகப் பிரிட்டிஷ் கப்பல்களை ஐம்பது மைலுக்குள்ளிருந்து விலக்க உரிமையில்லை என்றே தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1977-இல் பிரிட்டனே தனக்கு இருநூறு மைல் எல்லையை வகுத்துக்கொண்டது. 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை அவ்வளவையே உலகப் பொது விதியாக்கியது. நேற்று அடாவடி எனப்பட்டது இன்று தர்மமாயிற்று.

ஆனால் ஹல், கிரிம்ஸ்பி நகரங்களின் தொழிலாளிகளை நினையாமல் இருக்க முடியாது. உயிரைப் பணயம் வைத்துத் துருவக் கடலில் உழைத்தவர்கள் அவர்கள். கடல் மூடப்பட்டதும் அவர்கள் வேலையிழந்து நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்கென்று நஷ்ட ஈட்டுத் திட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது 2000-ஆம் ஆண்டில்தான்! வல்லரசு தோற்கும்போது நஷ்டம் ஏழையின் தலையிலேயே விடிகிறது.

ஐஸ்லாந்தியரும் பிழை செய்யாதவர்கள் அல்லர். 1960-ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஹெர்ரிங் மீன் அற்றுப்போய் அவர்களுடைய ஏற்றுமதி பலமாக விழுந்தது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். அந்நியக் கப்பல்கள் வெளியேறிய பிறகும் சொந்தக் கப்பல்கள் பெருகி, காட் மீனுக்கும் ஆபத்து வந்தது. எனவே 1984 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் இவ்வளவுதான் பிடிக்கலாமென்று பங்கு வகுத்தார்கள். அப்பங்கு நாளடைவில் சிலர் கையில் குவிந்துவிட்டது என்ற மனக்குறை அந்நாட்டில் இன்றும் உண்டு. அந்நியனிடமிருந்து மீட்ட செல்வத்தைத் தன்னவருக்குள் எப்படிப் பங்கிடுவது என்பது, மீட்பதைவிடக் கடினமான காரியம் போலும்.

கற்க வேண்டியது

இன்று ஐஸ்லாந்து மீனை மட்டும் நம்பி வாழவில்லை. அலுமினியமும் யாத்திரிகர் வருகையும் அதன் பெரிய வருவாய்களாகியிருக்கின்றன. பிரிட்டனோடு அதன் வியாபாரமும் ஓயவில்லை. 2021-இல் நார்வே, லீக்டென்ஸ்டைன் நாடுகளையும் சேர்த்துக்கொண்டு புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கிரிம்ஸ்பி நகரின் மீன் பதனிடும் தொழிற்சாலைகள் இன்று ஐஸ்லாந்திலிருந்து வரும் மீனைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. எந்த ஊர் ஐஸ்லாந்தின் மீனை இறக்கவொட்டாமல் தடுத்ததோ, அந்த ஊருக்கே இன்று அம்மீன் சோறு போடுகிறது.

பெரிய தேசத்தோடு சிறிய தேசம் வியாபாரம் செய்வதில் குற்றமில்லை. செய்யாமல் வாழவும் முடியாது. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கலாகாது. மூலப்பொருள் தன் கட்டுக்குள் இருக்க வேண்டும். அதைப் பக்குவப்படுத்தும் தொழில் தன் கரையிலேயே நடக்க வேண்டும். வாங்குகிறவன் ஒருவனாக இல்லாமல் பலராக இருக்க வேண்டும். இம்மூன்றையும் தேடிக்கொண்ட தேசம், ஜனத்தொகையில் ஒரு நகரத்துக்கு ஈடாகாவிட்டாலும், வல்லரசின் எதிரே தலைநிமிர்ந்து விலை பேசலாம். இவை இல்லாத தேசம் கோடி ஜனங்களைப் பெற்றிருந்தாலும் கைகட்டித்தான் நிற்கும். சவுக்கடி பட்ட குடியானவனின் சந்ததியார் உலகத்துக்குச் சொல்லும் செய்தி இதுவே.