உப்புக் காற்றில் ஒரு மூலிகைத் தோட்டம்

ஏரிக்குச் சென்ற படகுகள் கரை திரும்புவதற்கு முன்பே அந்த அம்மையார் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார். அவருடைய முதல் வேலை செடிகளுக்கு நீர் ஊற்றுவதன்று, இலைகளைக் கழுவுவது. முந்தைய நாள் பிற்பகலில் தொடங்கிய கடற்காற்று இலைகள்மீது மெல்லிய உப்புப் படலத்தைப் படியவைத்திருக்கும். பூவாளியில் நல்ல நீரை நிரப்பி, துளசியில் தொடங்கிக் கற்பூரவல்லி, தூதுவளை எனத் தளிர் இலைகளை மட்டும் நனைத்துக்கொண்டு வருகிறார். ஏன் என்று கேட்டோம். "முகம் கழுவாத பிள்ளைக்குச் சோறு ஊட்டுவோமா, ஐயா?" என்றார்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் மீனவர் குப்பங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் மணலில் இந்தத் தோட்டம் இருக்கிறது. தம் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். அவருடைய கணவர் நம் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வருபவர். அந்தப் பிரிவின் வாசலில் காத்திருந்த வேளையில், கைப்பையிலிருந்து ஒரு செடியின் கிளையை எடுத்து, "இதை இவர் சாப்பிடலாமா?" என்று செவிலியரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அறிமுகம் அப்படித்தான் தொடங்கியது.

மணலில் மூலிகை வளர்ப்பது எளிதன்று. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு போர்வைபோலத் தங்குகிறது. நல்ல நீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் இது நிகழ்கிறது. அந்தப் போர்வை மெல்லியது. ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து வேகமாக இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். எனவே அம்மையார் ஆழமில்லாத ஊற்று ஒன்றை வைத்துக்கொண்டு, குடத்தால் மொண்டு ஊற்றுகிறார். காலையில் பன்னிரண்டு குடம், மாலையில் எட்டு. அதற்குமேல் எடுத்தால் மறுநாள் நாக்கிலேயே தெரியும் என்கிறார். சித்திரை, வைகாசியில் எப்படியும் நீர் கரிக்கத் தொடங்கும். அப்போது துளசி கருகும், நொச்சி தாங்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி மண்ணிலுள்ள உப்பைக் கழுவிய பிறகே புது நாற்று நடுகிறார்.

தோட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் எதுவும் அழகுக்காக வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அழகாக இருக்கிறது. கடல் பக்கம் முதல் வரிசையில் தாழை. அதன் பின்னால் புன்னையும் பூவரசும். இவை உப்புக் காற்றுக்குப் பழகிய மரங்கள். காற்றின் வேகத்தையும் உப்பையும் இவை வாங்கிக்கொள்ள, உள்ளே இருப்பவை பிழைக்கின்றன. மணல் ஓடாமலிருக்க அடப்பங்கொடியைப் படரவிட்டிருக்கிறார். அடுத்தது வேலி. நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கமாக நடப்பட்டிருக்கின்றன. ஆடு தொடாத இலை என்பது பெயரிலேயே இருப்பதால் காவலுக்கு வேறு ஆள் தேவையில்லை. இடைவெளிகளைக் கணவர் பழைய வலையால் அடைத்திருக்கிறார். உட்பக்கத்துப் பாத்திகள் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தப்பட்டு, காய்ந்த பனையோலையால் மூடப்பட்டுள்ளன. பூச்சிமருந்து கிடையாது. கறிவேப்பிலையைக் கம்பளிப்புழுபோல் ஏதோ தின்றுகொண்டிருந்ததைக் காட்டினோம். அது வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது, ஒரு கிளையை அதற்கென்று விட்டிருக்கிறேன் என்றார். உரம் மீன் அமிலம். மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் மூடிவைத்து, மூன்று வாரங்களுக்குமேல் ஊறவைத்து, 10 லிட்டர் நீருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கிறார். கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்ப்பதில்லை. மண்ணில் உப்பு ஏறிவிடும். (இந்த எச்சரிக்கை மனிதருக்கும் பொருந்தும். அதற்குப் பிறகு வருகிறோம்.)

ஏழு மணிக்குமேல் அக்கம்பக்கத்தார் வரத் தொடங்குகிறார்கள். சளி பிடித்த குழந்தைக்கு ஆவி பிடிக்க நொச்சி, இருமலுக்கு ஆடாதொடை. தாயாரிடமிருந்து கற்றதை அம்மையார் காசு வாங்காமல் கொடுக்கிறார். ஆடாதொடையைப் பற்றி நாங்கள் ஒரு செய்தி சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அந்த இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை மாதிரியாகக் கொண்டே ப்ரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. அதன் வழியில் வந்தது அம்ப்ராக்சால். நம் மருந்தகத்தில் வாங்கும் பல இருமல் மருந்துகளின் சீட்டில் இவ்விரு பெயர்களில் ஒன்றைக் காணலாம். அம்மையாரின் வேலியும் மருந்தகத்தின் அலமாரியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. சீட்டில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, இலையில் எழுதியிருக்கவில்லை. கருவுற்ற பெண்களுக்கு ஆடாதொடை கொடுக்கக் கூடாது என்பதைத் தாயாரே சொல்லியிருந்தாராம்.

கீழாநெல்லியின் கதை சற்று நீளமானது. சென்னையில் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு இந்தச் செடியின் பொடியை 30 நாட்கள் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் கட்டுரையில் பங்கு பெற்றார். 1988-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. செடியைப் பெற்றவர்களில் 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி என்ற பெயரில் சந்தையில் விற்கப்படுவது ஒரே செடியும் அன்று. ஒன்றுபோல் தோன்றும் பல செடிகள். இன்று மஞ்சள் காமாலை என்று வருபவரிடம் அம்மையார் கீரையைப் பறித்துக் கொடுப்பதற்கு முன், இரத்தப் பரிசோதனை ஆயிற்றா என்று கேட்கிறார். காமாலை ஒரு நோயன்று, அறிகுறி. பித்தப்பைக் கல்லாலும் வரலாம், புற்றுநோயாலும் வரலாம். கீழாநெல்லிக்காகக் காத்திருக்கும் பத்து நாட்கள் சிலருக்கு விலைமிக்கவை.

வாசலோரம் நித்தியகல்யாணி பூத்து நிற்கிறது. கடலோர மணலில் தானாகவே முளைக்கும் செடி. சர்க்கரை நோய்க்கு இதன் இலையை மென்று தின்பவர்கள் உண்டு. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகிய இருவர் இதே காரணத்துக்காகத்தான் இதைச் சோதித்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரைக்கு இந்தச் செடியின் கஷாயத்தைக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. அந்த வியப்பிலிருந்து வின்பிளாஸ்டின் பிறந்தது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-இல் ஒப்புதல் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். அளவை எடைபோட்டு, இரத்த அணுக்களை எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம். எண்ணாமல் இலையாகத் தின்பவருடைய உடலில் என்ன நேரும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அம்மையார் இந்தப் பூவை இப்போது சாமிக்கு மட்டும் வைக்கிறார்.

நெருஞ்சிலுக்கு இந்தத் தோட்டத்தில் இப்போது இடமில்லை. அதைப் பற்றி அவர் தாமாகவே பேசினார்.

கணவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன. பாடு முறையில் தம் முறை வரும் நாளில் ஏரியில் வலை விட்டு, கரை ஏறியதும் கருவாட்டுக் குழம்பும் கஞ்சியும் சாப்பிட்டு வாழ்ந்தவர். மாத்திரையைச் சில மாதம் போடுவார், சில மாதம் விடுவார். ஒரு மழைக்காலத்தில் கால்கள் வீங்கின. சிறுநீர் பிரிந்தால் வீக்கம் வடியும் என்று எண்ணி, அம்மையார் நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் பார்லி நீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம். ஒரு நள்ளிரவில் கணவருக்குப் படுக்க முடியாத அளவு மூச்சுத் திணறியது. பாலம் கடந்து, வண்டி பிடித்து, மருத்துவமனையில் சேர்க்கும்போது விடிந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடிய அளவுக்கு ஏறியிருந்தது.

"நான்தான் கெடுத்தேனா, டாக்டர்?" என்று அவர் கேட்டிருக்கிறார். சிறுநீரக மருத்துவர் சொன்ன பதிலை அம்மையார் எங்களிடம் திருப்பிச் சொன்னார். சிறுநீரகத்தைக் கெடுத்தவை நெடுநாள் சர்க்கரையும் அழுத்தமும். ஏற்கெனவே நீரை வெளியேற்ற முடியாத உடலில் மேலும் நீர் ஊற்றப்பட்டது; பொட்டாசியத்தைக் கழிக்க முடியாத உடலுக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறு கொடுக்கப்பட்டது. சிறுநீரகக் கல் உள்ளவருக்கு நிறைய நீர் நல்லது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதே நீர் சுமை. இரண்டையும் ஊரில் 'கிட்னிக் கோளாறு' என்ற ஒரே பெயரால் அழைப்பதால் எத்தனை வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது என்பதை எங்கள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். இளநீரும் அப்படித்தான். வேறொருவருக்கு அமுதம், இவருக்கு ஆகாது.

இரண்டு மாதம் அவர் தோட்டத்துக்குள் போகவில்லை. செடிகள் பாதி காய்ந்தன. மீண்டும் இறங்கியது சமையலுக்காக. உப்பைக் குறைத்த சாப்பாட்டைக் கணவர் தட்டோடு தள்ளிவிட்டார். பிறந்தது முதல் கருவாடு தின்ற நாக்கு! யாரோ இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்றார்கள். அதிலும் பெரும்பகுதி சோடியம்தான் என்று உணவியலாளர் விளக்கினார். கடையில் விற்கும் 'குறைந்த சோடிய உப்பு' இன்னும் ஆபத்து, அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிறகு எதைக் கொண்டு சுவை சேர்ப்பது? எலுமிச்சைச் சாறு சில துளி, கறிவேப்பிலை, இஞ்சி, மிளகு, ஒரு சிட்டிகை புதினா. இவை தோட்டத்திலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தன. புது மீனை இஞ்சியும் கறிவேப்பிலையும் அரைத்துப் பூசிச் சுட்டு, இறக்கும்போது எலுமிச்சை பிழிகிறார். முருங்கைக் கீரை கணவருக்கு ஆசை. அதை எப்போதாவது, உணவியலாளர் சொன்ன சிறு அளவில், நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை முழுவதும் வடித்துவிட்டுக் கொடுக்கிறார். அதில் பொட்டாசியம் ஓரளவு நீங்கும். வடித்த நீர் தென்னைக்குப் போகிறது.

கணவருக்கும் தோட்டத்தில் வேலை உண்டு. இடது முன்கையில் சுத்திகரிப்புக்கான இரத்தக்குழாய் இணைப்பு இருப்பதால் அந்தக் கையால் குடம் தூக்குவதில்லை. வலை முடிவதும் களை எடுப்பதும் அவருடைய பங்கு. மண்ணில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள்கிறார். தேங்கிய நீரைக் கவிழ்ப்பதையும் அவரே பார்த்துக்கொள்கிறார்; கொசு வளர ஒரு சிரட்டை போதும்.

நம் மருத்துவமனைக்கு வருபவர்களில் மூலிகை எடுப்பவர்கள் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. திட்டுவார்களோ என்ற தயக்கம் ஒரு காரணம். சில வேளை எங்களில் சிலர் திட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சித்த மருந்து எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே இங்குள்ள மாத்திரைச் சீட்டையும், இங்கே அங்குள்ள மருந்தின் பெயரையும் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் இதை அவசியம் செய்ய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அந்த அம்மையாரைப்போலக் கிளையையே கொண்டுவாருங்கள்.

நாங்கள் விடைபெற்றபோது மாலை நீர் ஊற்றும் நேரம். கடற்காற்று எழுந்து புன்னை இலைகள் சலசலத்தன. மறுநாள் சுத்திகரிப்பு நாள். முதல் பேருந்துக்குப் போக வேண்டும். இலைகளைக் கழுவ விடியலில் நேரம் இருக்காது என்பதால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பூவாளியைக் கொடுத்து, "துளசியை மட்டும் மறந்துவிடாதே, கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் எலுமிச்சை இரண்டைப் பறித்துப் பையில் போட்டார்.