நான்கு குரல்களைப் பிரிக்கும் சில்லு

வைஃபை கருவிகள் சிலவற்றில் நான்கு ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். அவை நான்கும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், வெவ்வேறு தகவல்களை அனுப்ப வல்லவை. அலைவரிசையை விரிவாக்காமலேயே தகவலின் அளவைப் பெருக்கும் இந்நுட்பம் ‘மைமோ’ எனப்படுகிறது. இதன் முன்னோடிகளுள் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றிய அவர், பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு வழங்கப்பட்டது.

அனுப்புவது எளிது, பிரித்தறிவதே அரிது. ஏற்பியின் ஒவ்வோர் ஆன்டெனாவிலும் நான்கு சைகைகளும் கலந்தே வந்து சேர்கின்றன. எச்சைகை எவ்வளவு வலிமையோடு வருகிறது என்பதை, முன்னரே அறிந்த மாதிரிச் சைகைகளைக் கொண்டு ஏற்பி அளந்துவிடுகிறது. எஞ்சுவன நான்கு சமன்பாடுகளும் நான்கு மாறிகளும். பள்ளி இயற்கணிதமே இதற்குப் போதும் எனத் தோன்றும். ஆனால் இரைச்சல் குறுக்கிடுகிறது.

எளிமைக்காக இரண்டு சமன்பாடுகளைக் கருதலாம்: க + ச = 2; க + 1.1ச = 2.1. விடை, க = 1, ச = 1. இரைச்சலால் 2.1 என்பது 2.2 ஆக மாறினால், க = 0, ச = 2 என்றாகிவிடும். பத்தில் ஒரு பங்குப் பிழை, விடையில் முழு ஒன்றாக வளர்ந்துவிட்டது. இரு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதே காரணம். அலைகள் வரும் வழிகள் ஒத்திருக்கும்போதெல்லாம் ஏற்பிக்கு இவ்விடர் நேர்கிறது.

அனுப்பப்படும் குறியீடு எந்த எண்ணாகவும் இருப்பதில்லை. வரையறுத்த சிலவற்றுள் ஒன்றாகவே இருக்கும். ஆகவே எல்லாச் சேர்க்கைகளையும் ஒப்பிட்டு, வந்த சைகைக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தால் பிழை குறையும். ஆனால் 64 குறியீடுகளும் நான்கு ஆன்டெனாக்களும் இருப்பின் சேர்க்கைகள் 1,67,77,216. சில மைக்ரோ நொடிகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு துணையலைக்கும் இத்தனை ஒப்பீடுகளைச் செய்ய எந்தக் கைப்பேசி மின்கலமும் தாங்காது.

இங்கே உதவியது, 1980களில் எண்கோட்பாட்டுச் சிக்கல் ஒன்றுக்காகக் கணிதவியலார் வகுத்த தேடல்முறை. சமன்பாடுகளை அணி முறையில் மாற்றியமைத்தால், ஒன்றில் ஒரு மாறியும், அடுத்ததில் இரண்டும் எனப் படிப்படியாக அமையும். தேடல் அப்போது கிளைவிடும் மரமாகிறது. வேறுபாடு கீழே செல்லச் செல்லக் கூடுமேயன்றிக் குறையாது. எனவே ஒரு கிளையின் வேறுபாடு, அதுவரை கண்ட சிறந்த விடையின் வேறுபாட்டை மிஞ்சியதும் அதை வெட்டிவிடலாம். முதற்கிளையொன்று வெட்டப்பட்டால் 2,62,144 சேர்க்கைகள் கணக்கிடப்படாமலே நீங்குகின்றன. இறுதி விடையோ மாறுவதில்லை! இதனைக் கோளத் தேடல் என்பர்.

2005இல் சூரிச் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்முறையில் இரு சில்லுகளை வடிவமைத்து வெளியிட்டனர். முதலாவது வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டியது. மற்றொன்று வேறுபாடுகளுள் மிகப் பெரியதை மட்டும் கருதியது. வர்க்கமிடும் சுற்றுகள் நீங்கவே, ஏறத்தாழ 1,17,000 வாயில்கள் தேவைப்பட்ட இடத்தில் 50,000 போதுமாயின, வேகமும் கூடியது. துல்லியம் சற்றே குறைந்தது, அவ்வளவே. மூன்றால் பெருக்குவதையும், இருமடங்கோடு ஒருமடங்கைக் கூட்டிச் சிக்கனமாக முடிக்கலாம். வேலை குறைந்தால் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். சில்லின் ஆற்றல் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் செலவு 64 விழுக்காடாகிவிடும்.

கோளத் தேடலுக்கும் குறையுண்டு. இரைச்சல் மிகுந்தால் வெட்டப்படும் கிளைகள் குறைந்து தேடல் நீள்கிறது. எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலின் ஒவ்வொரு படியிலும் சிறந்த சில கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையையும் பலர் கையாள்கின்றனர்.

இன்றைய ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்களில் 64 ஆன்டெனாக்கள் வரை இருப்பதுண்டு. கைப்பேசிகள் சிலவாகவும் ஆன்டெனாக்கள் பலவாகவும் இருக்கையில், அலைவழிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திரா. எளிய இயற்கணித முறையே போதுமானதாகிறது. கைப்பேசிகள் நெருங்கிக் குவியும் இடங்களில்தான் அந்தப் பழைய இடர் மீண்டும் தலைகாட்டுகிறது.