காட்டுப் பாதையில் ஓடும் வீடு! ஜன்னலைக் காப்பது எப்படி?

வண்டியே வீடு, வீடே வண்டி!

அமெரிக்காவில் இப்படி லட்சக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. மோட்டார் வண்டியின் முதுகில் ஒரு கூண்டு. அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மேஜை எல்லாம் உண்டு. இதற்குக் "கேம்ப்பர்" என்று பெயர். விடுமுறை வந்தால் கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோரும் இதில் ஏறிக் காட்டுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். இரவு எங்கே வண்டி நிற்கிறதோ, அங்கே வீடு.

இந்த வீட்டுக்கு ஒரு பகை உண்டு. அது கரடி அல்ல, ஓநாயும் அல்ல. பாதை ஓரத்துச் செடி!

பாதையை மூடிய காடு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன், வாஷிங்டன் என்று இரண்டு மாநிலங்கள் இருக்கின்றன. கடலை ஒட்டிய மலைகளில் மழை அதிகம். காடும் அடர்த்தி. மரம் வெட்டி இறக்குவதற்காக அந்த மலைகளில் மண் பாதைகள் போட்டார்கள். லாரிகள் ஓடிய வரையில் பாதை சுத்தமாக இருந்தது.

அங்கே புள்ளி ஆந்தை என்று ஓர் ஆந்தை இனம் இருக்கிறது. பழங்காடு அழிந்தால் அதுவும் அழியும். அதற்கு ஆபத்து வந்துவிட்டது என்று 1990-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. 1994-ல் அந்தக் காடுகளுக்குப் புதிய திட்டம் வந்தது. அரசாங்கக் காடுகளில் மரம் வெட்டுவது மிகவும் குறைந்தது. லாரியும் குறைந்தது. பாதையைப் பராமரிக்கும் பணமும் குறைந்தது.

நாடு முழுவதும் அமெரிக்க வன இலாகாவின் பொறுப்பில் மூன்றரை லட்சம் மைலுக்கு மேல் பாதை இருக்கிறது. அத்தனையையும் வெட்டிச் சுத்தம் செய்ய முடியுமா?

வண்டி நடமாட்டம் குறைந்தால் ஆல்டர் என்ற மரம் முளைக்கிறது. கிளறிய மண்ணில் அது மளமளவென்று வளரும். பிளாக்பெரி என்ற முட்புதரும் சேர்ந்து கொள்ளும். இரு பக்கத்துக் கிளைகளும் நடுவில் கை கோத்துக் கொள்ளும். சிறிய கார் எப்படியோ புகுந்துவிடும். அகலமும் உயரமும் உள்ள கேம்ப்பர் என்ன செய்யும்? உரசிக்கொண்டுதான் போகும்.

கண்ணாடி அல்ல!

"கண்ணாடிதானே, உரசினால் என்ன?" என்று கேட்கலாம்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பல கேம்ப்பர்களின் ஜன்னலில் இருப்பது கண்ணாடி அல்ல. அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். 1930-களில் விற்பனைக்கு வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மூடிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். எடை, கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். எளிதில் நொறுங்காது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் காற்று இருக்கும்படி செய்தால், வெளிக்குளிரும் எளிதில் உள்ளே வராது.

ஆனால் அக்ரிலிக் மென்மையானது. பொருள்களின் கடினத்தைச் சொல்ல 1 முதல் 10 வரை ஓர் அளவு உண்டு. வைரம் 10. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கண்ணாடி சுமார் 5½. அக்ரிலிக் ஏறக்குறைய 3!

எது எதைக் கீறும் என்று இனிச் சொல்ல வேண்டுமா?

உண்மையான எதிரி

மண் பாதையில் ஓடும்போது ஜன்னலில் தூசி படிகிறது. தூசியில் பொடி மணல் இருக்கிறது. அதன் மேல் கிளை உரசினால், கிளை உப்புத்தாள் ஆகிவிடுகிறது!

இதைவிடக் கேடு ஒன்று உண்டு. வண்டி நின்றதும் யாராவது ஒருவர் துணியை எடுத்து, தண்ணீர் இல்லாமல் ஜன்னலைத் தேய்ப்பார். கிளை ஒரு கோடு போட்டிருக்கும். துணி நூறு கோடு போடும்!

ஆகவே முதல் பாடம் இதுதான்: முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவ வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணியால் துடைக்கலாம்.

ஜன்னலுக்குச் சட்டை

அனுபவசாலிகள் கூண்டின் ஜன்னலுக்கு வெளிப்புறம் உறை போடுகிறார்கள். தடித்த பிளாஸ்டிக் அட்டையை ஜன்னலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, உள்பக்கம் மெல்லிய துணியை ஒட்டுகிறார்கள். அட்டையைக் கூண்டின் சுவரில் அழுத்துப் பொத்தானால் மாட்டுகிறார்கள். காந்தம் எல்லா வண்டிக்கும் உதவாது. அலுமினியத்திலும் கண்ணாடி நாரிலும் காந்தம் ஒட்டாது.

உறை போடுமுன் ஜன்னலைக் கழுவ வேண்டும். தூசியை உள்ளே வைத்து மூடினால், வண்டி குலுங்கும்போது உறையே கீறிவிடும்.

இரவு படுக்குமுன் உறைகளைக் கழற்றிவிட வேண்டும். இதை மறக்கக் கூடாது! கூண்டுக்குள் தீப்பிடித்தால் தப்பிப்பதற்கு ஒரு ஜன்னல்தான் அவசர வழி. ஜன்னலைக் காப்பாற்றப் போய் உயிரை அடைத்து வைக்கலாமா?

சிலர் வண்டியின் முன் கம்பியிலிருந்து கூரையின் இரு மூலைகளுக்கும் எஃகு வடம் கட்டுகிறார்கள். கிளை வடத்தில் பட்டு மேலே விலகிப் போகும். ஓட்டுகிறவரின் முன் கண்ணாடிக்கு இது நல்ல காவல். பக்கத்திலிருந்து நீளும் கிளையை முழுவதும் தடுக்காது.

புறப்படுமுன் எல்லா ஜன்னல்களையும் தாழிட வேண்டும். இவை கீழ்ப்பக்கம் வெளியே திறப்பவை. திறந்திருந்தால் ஒரு கிளை போதும், ஜன்னலே பிய்ந்துவிடும்.

இறங்கி நட!

புதர் மூடிய இடம் வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்க்க வேண்டும். எவ்வளவு தூரம் புதர்? திருப்ப இடம் உண்டா? கிளை தடித்ததா, மெல்லியதா? மெல்லிய கிளை என்றால், வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து போகலாம். இறங்கியவர் கிளையைக் கையால் விலக்கிப் பிடிக்கலாம்.

அரிவாளை எடுத்து வெட்டினால் என்ன? கூடாது. அமெரிக்க அரசாங்கக் காட்டில் அனுமதியின்றி மரத்தை வெட்டுவது குற்றம். பாதையை விட்டு விலகிப் புல்லில் ஏற்றி ஓட்டுவதும் தவறு. இன்று ஒரு வண்டி போன தடம், நாளைக்குப் பல வண்டிகளின் பாதையாகிவிடும்.

கீறல் விழுந்துவிட்டால்?

நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் சிக்காவிட்டால் கீறல் லேசானது. பிளாஸ்டிக்குக்கு உரிய மெருகுப் பசையால் தேய்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். நகம் சிக்கினால் ஆழமான கீறல், போக்குவது கடினம். புது ஜன்னல் போடச் சில நூறு டாலர் செலவாகும்.

ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் இவற்றைத் தொடவே கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகும். பிறகு எந்தப் பசையாலும் பயன் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான்!

எல்லாவற்றையும்விடச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. பாதை மோசம் என்று தெரிந்ததும், இடம் இருக்கும்போதே வண்டியைத் திருப்புவது. குழந்தைகளுக்கு முகம் வாடத்தான் செய்யும். ஆனால் வேறு பாதை உண்டு. வேறு ஓடைக்கரை உண்டு. மறுநாள் காலை அதே குழந்தைகள் படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாக மானைப் பார்ப்பார்கள்.

அதற்கு ஜன்னல் தெளிவாக இருக்க வேண்டுமே!