கதவையும் குளிரையும் காவல் காக்கும் கருவிகள்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



மளிகைக் கடை என்றால் மூட்டையும் டின்னும் மட்டுமே என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று தெருமுனைக் கடையிலும் பால், தயிர், ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி வைக்க ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஃப்ரீசரும் இருக்கின்றன. மொத்த வியாபாரிகளாகிய நமக்கோ கடை ஒரு தெருவில், கிடங்கு ஒரு தெருவில். இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போனால், காலை வரை உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க ஒயர் இல்லாத கதவு சென்சார்களும் வெப்பநிலை சென்சார்களும் வந்திருக்கின்றன. ‘ஸ்மார்ட் ஹோம்’ என்ற பெயரில் வீடுகளுக்கென விற்கப்படும் இவை கடைக்கும் கிடங்குக்கும் நன்கு உதவக்கூடியவை. ஆனால் விற்பவர் காட்டும் எல்லாமே நம்பத் தகுந்தவை என்று சொல்ல முடியாது. எதைப் பார்த்து வாங்குவது என்று விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒரு நட்டக் கணக்கு. ஃப்ரீசரில் 40,000 ரூபாய் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே இரவில் உருகிப் போனால், நூற்றுக்கு 8 ரூபாய் லாபத்தில் வியாபாரம் செய்கிறவர் அந்த முதலை மீட்க 5 லட்சம் ரூபாய்க்கு விற்றாக வேண்டும். ஃப்ரீசர் பிளக்கை யாரோ தவறுதலாகத் தட்டிவிட்டாலும், மூன்று பேஸில் ஒன்று மட்டும் போய்விட்டாலும் இந்த நட்டம் வரலாம். உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே.

இவை வேலை செய்யும் விதம்

கதவு சென்சாரில் இரண்டு துண்டுகள். கதவில் ஒட்டும் துண்டில் ஒரு காந்தம். சட்டத்தில் ஒட்டும் துண்டில் ‘ரீட் சுவிட்ச்’ எனப்படும் சிறு கண்ணாடிக் குழாய். அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு. காந்தம் அருகில் இருந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். கதவு திறந்து காந்தம் விலகினால் பிரிந்துவிடும். உடனே ரேடியோ அலை மூலம் செய்தி போகும். இந்த ரீட் சுவிட்ச் புதிதல்ல. 1936-ல் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் என்பவர் உருவாக்கியது. எனவே கதவு சென்சாரில் பழுது வந்தால் பெரும்பாலும் சுவிட்சைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலோ, ரேடியோவிலோ, பொருத்திய இடத்திலோதான் கோளாறு இருக்கும்.

வெப்பநிலை சென்சாரில் ஒரு சிறு சிப் இருக்கிறது. டி.எச்.டி. 11 என்ற மலிவான சிப் 2 டிகிரி வரை முன்பின்னாகக் காட்டும். டி.எஸ். 18பி20 என்பது மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் நிற்கும். மைனஸ் 55 வரை அளக்கும். பாலுக்கும் தயிருக்கும் 2 டிகிரி தவறு என்பது பெரிய தவறு. உள்ளே எந்தச் சிப், எத்தனை டிகிரி துல்லியம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மௌனத்தை நம்பக் கூடாது

செய்தி வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காவலாளி தூங்கினாலும் சத்தம் வராது. திருடன் வராவிட்டாலும் சத்தம் வராது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நல்ல கருவி. ‘நான் இயங்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று குறித்த நேரத்துக்கு ஒரு முறை சொல்லி, அது நின்றுபோனால் ‘தொடர்பு இல்லை’ என்று நமக்கு அறிவிக்க வேண்டும். பேட்டரி குறைவதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மலிவான கதவு சென்சார்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அவை ஒருவழிப் பேச்சு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே அவற்றுக்குத் தெரியாது.

வாங்குமுன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை நேரத்தில் செல்போனில் தகவல் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்தும் தகவல் இல்லையென்றால் அந்தக் கருவி நமக்கு வேண்டாம்.

மின்சாரம் போனால்?

பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் இது. சென்சார் பேட்டரியில் ஓடும். ஆனால் அதன் செய்தியை வாங்கி அனுப்பும் ஹப்பும், இன்டர்நெட் ரூட்டரும் கடை மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்வெட்டு வந்தால் ஃப்ரீசரும் நிற்கும். ஃப்ரீசர் நின்றதைச் சொல்ல வேண்டிய ரூட்டரும் நிற்கும். எந்த நேரத்துக்காகக் கருவி வாங்கினோமோ அந்த நேரத்தில் அது ஊமையாகிவிடும். ஆகவே ஹப், ரூட்டர் இரண்டுக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக, சிம் கார்டு போடும் அலாரம் பெட்டிகளும் உண்டு. உள்ளேயே பேட்டரி இருக்கும். நமக்கு நேரே போன் செய்யும். நள்ளிரவில் ஒரு ‘டிங்’ ஒலியைவிட போன் மணி நம்மை எழுப்பும். ஆனால் 2ஜியில் மட்டும் வேலை செய்யும் பெட்டிக்கு ஜியோ சிம் ஒத்துவராது. 4ஜி பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி மூடினால்?

சில கருவிகள் எல்லா வேலையையும் கம்பெனியின் சர்வர் வழியாகவே செய்கின்றன. கம்பெனி மூடினால் கருவியும் வீண். அமெரிக்காவில் லோவ்ஸ் நிறுவனம் தன் ‘ஐரிஸ்’ சேவையை 2019-ல் நிறுத்தியது. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ என்ற கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. ‘இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கினாலும் கதவு திறந்தால் சைரன் அடிக்குமா?’ என்று கடைக்காரரிடமே செய்து காட்டச் சொல்லுங்கள்.

எந்த அலைவரிசை?

வைஃபை சென்சாருக்கு ஹப் தேவையில்லை, வாங்குவது எளிது. ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். ஒன்றிரண்டு கதவுகளுக்கு அது போதும். நான்கைந்து இடங்களுக்கு மேல் என்றால் ‘ஜிக்பி’ வகை நல்லது. குறைந்த மின்சாரத்தில் ஓடும். நேர் மின்சாரத்தில் ஓடும் ஜிக்பி பிளக் ஒன்றை நடுவில் போட்டால், அது செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். கடைசி அறை வரை அலை போய்ச் சேரும். ஹப்பை வைஃபை ரூட்டரை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுவதால் இடிபடும். சில அடி தள்ளி வையுங்கள்.

‘இசட்-வேவ்’ வகையில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் அது 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும், அமெரிக்காவில் 908-லும் இயங்குகிறது. வெளிநாட்டு உறவினர் அன்பாக வாங்கி வந்த சென்சார் இங்குள்ள ஹப்புடன் பேசாது. ரேடியோ கருவிகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. ஒப்புதல் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

பொருத்தும் இடம்

வீட்டு மரக் கதவுக்குச் செய்த சென்சாரை இரும்பு ஷட்டரில் ஒட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். இரும்பு காந்தத்தின் வலுவை இழுத்துக்கொள்ளும். காற்றில் ஷட்டர் ஆடினாலும் பொய் அலாரம் அடிக்கும். ஷட்டருக்கென்றே தரையில் திருகாணி போட்டுப் பொருத்தும், பெரிய காந்தம் வைத்த வகை உண்டு. அதையே கேளுங்கள்.

ஃப்ரீசருக்குள் முழுச் சென்சாரையும் வைப்பதும் சரியல்ல. உலோகப் பெட்டி ரேடியோ அலையை அடக்கிவிடும். பொத்தான் பேட்டரியும் கடுங்குளிரில் சோர்ந்துபோகும். ஒயர் முனையில் அளவுகோல் உள்ள வகையை வாங்கி, முனையை மட்டும் உள்ளே விட்டு, பெட்டியை வெளியே மாட்ட வேண்டும். ஒயர் போகும் இடத்தில் கதவு ரப்பர் இறுக்கமாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்த் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த சுவரில் ஒட்டுநாடா நிற்காது. ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டுங்கள். முடிந்தால் திருகாணி போடுங்கள். பேட்டரியும் எளிதில் கிடைக்கும் வகையாக இருக்கட்டும். சி.ஆர். 2032 எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். அரிய அளவுகளுக்குச் சிற்றூரில் அலைய வேண்டியிருக்கும்.

நாமே முத்திரை வைப்போம்

முத்திரையில்லாத தராசை நாம் கடையில் வைப்பதில்லை. சென்சாருக்கும் ஒரு சோதனை வேண்டும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிறையப் போட்டு, சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் 0 டிகிரி காட்ட வேண்டும். 1 டிகிரிக்கு மேல் விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பருப்பும் வத்தலும் வைக்கும் கிடங்குக்கு ஈரப்பதமும் காட்டும் சென்சார் நல்லது; காற்றில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். அதைச் சோதிக்க நம் கடை உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாதபடி சேறு போல நனைத்து, சென்சாருடன் இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். நான்கைந்து சதவீதம் முன்பின் இருந்தால் பாதகமில்லை.

அலாரம் வைக்கும் அளவு

ஃப்ரீசர் தானே பனி நீக்கும்போது சற்று நேரம் சூடு ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அலாரம் அடித்தால் பத்தாம் நாள் நாமே அதை நிறுத்திவிடுவோம். மைனஸ் 12-க்கு மேல் அரை மணி நேரம் நீடித்தால் மட்டும் அடிக்கும்படி வையுங்கள். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்த சிறு பாட்டிலில் முனையை மூழ்க வைத்தால், காற்றின் சூட்டைக் காட்டாமல் சரக்கின் சூட்டை ஒட்டிக் காட்டும். ஃப்ரீசர் கதவு 2 நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தாலும் அறிவிக்கச் செய்யலாம்.

அலாரம் வந்தால் பதறி ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும், ஃபிரிட்ஜ் 4 மணி நேரமும் குளிரைத் தாங்கும். அதற்குள் எலக்ட்ரீஷியனையோ ஐஸ் கட்டியையோ ஏற்பாடு செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. நட்டம் அதிகம் வரக்கூடிய ஓர் ஃப்ரீசருக்கு முதலில் பொருத்தி ஒரு மாதம் பாருங்கள். பிறகு ஷட்டருக்கும் கிடங்குக்கும் விரிக்கலாம். ஜி.எஸ்.டி. பில்லுடன் வாங்கி உத்தரவாத அட்டையைக் கோப்பில் வையுங்கள். மாதப் பிறப்பன்று புதுக் கணக்கு எழுதும்போது, ஷட்டரை ஒரு முறை தூக்கியும், முனையைக் கையில் பிடித்துச் சூடேற்றியும், மெயினை அணைத்தும் செல்போன் மணி அடிக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். அன்று மணி அடித்தால் அந்த மாதம் நிம்மதியாகத் தூங்கலாம்.